மாசிலாமணி பேச ஆரம்பித்தார்

கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் மாசிலாமணி ஒரு தடவைகூடச் சமையலறை டப்பாவைத் திறந்தவரில்லை. உப்பு எது, சர்க்கரை எது என்று நாக்கில் வைத்துப் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், கூடத்து நாற்காலியில் சாய்ந்தபடியே, "சோம்பு மேல் தட்டுல கீது. கடுகுக்குப் பின்னால, ஊறுகா பாட்டில்ல" என்றார்.

மகள் ஹரிதா கையிலிருந்த பையைக் கீழே வைக்க மறந்து நின்றாள். திருப்பதியிலிருந்து முதல் பஸ் பிடித்து சித்தூருக்கு வந்திருந்தாள். பத்து வாரமாக நைனாவின் வாயிலிருந்து 'பப்பப்ப' என்ற ஒரே சத்தத்தைத் தவிர வேறு எதுவும் வந்ததில்லை. கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினாள். அம்மா வரலட்சுமி அலமாரிக்கு முன்னால் ஒரு கையை உயர்த்தியபடி நின்றிருந்தாள். கை எதையோ தேடிப் போய்ப் பாதியில் நின்றிருந்தது. நைனா சொல்லி முடித்த பிறகுதான் அது கடுகு டப்பாவுக்குப் பின்னால் நீண்டது.

மாசிலாமணி கலெக்டர் ஆபீசுக்கு எதிரே குடை போட்டு உட்கார்ந்து மனு எழுதியவர். பூர்வீகம் விஜயபுரம். வீட்டில் தமிழ், காகிதத்தில் தெலுங்கு. குடிபாலா பக்கமிருந்தும் விஜயபுரம் பக்கமிருந்தும் தமிழ் மட்டும் தெரிந்த ஜனங்கள் வந்து, வண்டிப்பாதையை மறித்த கதை, பட்டாவில் பேர் மாறிப்போன கதை என்று கொட்டுவார்கள். அவர் நடுவில் பேச மாட்டார். "அப்பால?" என்பார். அவர்கள் மறுபடி சொல்வார்கள். "அப்பால?" எல்லாம் வெளியே வந்த பிறகு பத்து வரித் தெலுங்கில் இறக்கிவிடுவார். மாசி மாதம் ஒருநாள் பாதி மனுவில் பேனா நழுவியது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே மணி நேரத்தில் போயின.

திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹேமநாத் ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டிப் பொறுமையாக விளக்கினார். இடது நெற்றிப் பொட்டுக்குப் பின்னால் ஓர் இடம். சொற்களைக் கோத்து நாக்குக்கும் உதட்டுக்கும் அனுப்புவது. காதுக்கு மேலே சற்றுப் பின்தள்ளி இன்னோர் இடம். கேட்டதன் பொருளைப் பிடிப்பது. இரண்டையும் சேர்க்கிற நரம்புக் கற்றை ஒன்று. மாசிலாமணிக்கு இந்த மூன்றுமே செத்துப்போயிருந்தன. திரையில் அந்தப் பக்கம் முழுவதும் ஓதம் ஏறிய சுவர் போலக் கறுத்துக் கிடந்தது. வலது பக்கம் பழுதில்லை என்றார். பேச்சின் ஏற்ற இறக்கம், கோபம், கெஞ்சல், பாட்டின் மெட்டு, இதெல்லாம் பெரும்பாலும் வலது பக்கத்து வேலையாம்.

"அதனால ராகம் வரும்மா. வார்த்தை வர்றது கஷ்டம். ரெண்டு மூணு வயசுக் குழந்தையா இருந்தா இந்த வேலைய வலது பக்கம் எடுத்துக்கும், பேச்சு மறுபடி மொளைக்கும். இவர் வயசுல..." என்று டாக்டர் கையை விரித்தார்.

பயிற்சி கொடுக்க வந்த பெண் வரலட்சுமியிடம் முறையைச் சொல்லிவிட்டுப் போனாள். ஒரு சாமானைக் கையில் பிடிக்க வேண்டும். அவர் கண்ணைப் பார்க்க வேண்டும். பேரை நிறுத்தி ஒரு தடவை சொல்ல வேண்டும். நாள் முழுக்கப் பேச்சுக் கொடுத்தபடி இருக்க வேண்டும். வரலட்சுமி அதை விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை செய்தாள். சீப்பு. டம்ளர். துண்டு. செம்பு.

இப்போது அவள் பேசுவதில்லை. அதை முதலில் கவனித்தவள் பக்கத்து வீட்டு ரத்னம்மா. காரணத்தையும் அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

"உங்கம்மா மலைக்கு வேண்டிக்கினு வாயக் கட்டிக்கினு கீதும்மா. புருஷனுக்குப் பேச்சு வர்ற வரைக்கும் தானும் பேசறதில்லன்னு. பாரு, சாமி எப்படிக் கேட்டுக்கினாரு."

"உங்ககிட்ட சொல்லிச்சா?"

"வேண்டுதல யாராவது வெளிய சொல்லிக்கினு செய்வாங்களா? நீ ஒருத்தி."

அந்தப் பக்கத்தில் இது நடக்கக்கூடியதுதான். முடி கொடுப்பவர்கள் உண்டு, முழங்காலில் படி ஏறுபவர்கள் உண்டு, வருஷக்கணக்கில் செருப்பில்லாமல் நடப்பவர்கள் உண்டு. வாயைக் கட்டுவதில் என்ன அதிசயம். சொந்தக்காரர்கள் வந்து வரலட்சுமியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அவள் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி மறுத்தாள். என்ன அடக்கம் என்றார்கள். ஹரிதாவும் அப்படித்தான் நினைத்தாள். மூன்று வாரம் நினைத்தாள்.

அந்த மூன்று வாரத்தில் நைனாவின் பேச்சு ரத்னம்மா வீட்டுப் பூசணிக்கொடி போலப் படர்ந்தது. ஆனால் தெலுங்கு ஒரு சொல்கூட வரவில்லை. பழைய சிநேகிதர் ஒருவர் வந்து, "ஏமய்யா, பாகுன்னாவா" என்று நலம் விசாரித்தபோது, முப்பது வருஷம் அந்த மொழியில் எழுதிய மனிதர் வாயைப் பிளந்து பார்த்தார். வந்த தமிழும் அவருடையதாக இல்லை. தாசில்தார், சர்வே நம்பர், ஜமாபந்தி எதுவும் அதில் இல்லை. மாவு பொங்கியது, பாத்திரத்தில் அடிப்பிடித்தது, புடவைக்குச் சாயம் போனது பற்றியெல்லாம் பேசினார். "ஹரிதா பொறக்கச்சொல்ல இடுப்பே கழண்டு போற மாதிரி வலிச்சுது" என்று ஒருநாள் சொன்னார். ரத்னம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். இன்னொரு நாள், தன் கையில் தானே காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஊட்டுக்காரருக்கு ஆறிப்போனா ஆவாது" என்றார்.

அப்போது யாரும் சிரிக்கவில்லை. குரல் நைனாவுடையது. கடைசி எழுத்தை இழுத்து நிறுத்துகிற ராகமும் அவருடையது. சொற்கள் மட்டும் அம்மாவுடையவை.

ஹரிதா பின்கட்டுக்குப் போனாள். துவைக்கிற கல்லின் மேல் அம்மா உட்கார்ந்திருந்தாள். சோப்பு நுரை உடைகிற சத்தத்தோடு வேறொரு சத்தமும் கேட்டது. வரலட்சுமி ஈரச் சட்டையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கூட்டி, பிரித்து, மறுபடி கூட்டினாள். "ச... ச..." கழுத்து நரம்பு புடைத்தது. சட்டையைக் கீழே எறிந்துவிட்டுச் செம்பை எடுத்தாள். "ம்... ப..." அதையும் எறிந்தாள்.

வேண்டுதல் இருப்பவர்கள் ஒளிந்து உட்கார்ந்து பேசிப் பழக மாட்டார்கள்.

"அம்மா, இன்னா ஆச்சு உனக்கு? எழுதிக் காட்டு" என்று ஹரிதா பேனாவும் காலண்டர் தாளும் கொடுத்தாள். அஞ்சாவது வரை படித்த வரலட்சுமி தன் பேரை எழுதுபவள். கோடு ஒன்று இழுத்தாள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு கோடு. பிறகு மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கூடத்துப் பக்கம் தலையை அசைத்தாள். கூடத்தில் நைனா பாடுவது போல ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரையும் டாக்டர் ஹேமநாத்திடம் கூட்டிப் போனாள். இரண்டு பேருக்கும் ஸ்கேன். வரலட்சுமியின் படத்தில் எல்லா இடமும் வெள்ளையும் சாம்பலுமாகச் சுத்தமாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. மாசிலாமணியின் படத்தில் கறுப்பு அப்படியே இருந்தது. கொஞ்சமும் குறையவில்லை.

"அப்போ எப்படி சார் பேசறாரு?"

"ஸ்கேன பாத்துட்டு யாரும் பேசறதில்லம்மா" என்று டாக்டர் சிரித்தார். "வலது பக்கம் கத்துக்கிச்சுன்னு வெச்சுக்கலாம். அம்மாவுக்கு அதிர்ச்சி. மனசுதான். தனியா விடாதீங்க."

தனியாக விடக்கூடாது என்பதால் இருவரையும் திருப்பதிக்கே அழைத்து வந்துவிட்டாள். வாடகை வீடு, ஒரு கூடம், ஓர் அறை. கணவன் யஸ்வந்த் லாட்ஜ் ஒன்றில் வரவேற்பில் இருந்தான். மகள் ரக்ஷிதாவுக்கு மூன்று வயது. பக்கத்துத் தெரு விளையாட்டுப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஹரிதாவுக்கு பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பாளர் வேலை. தெலுங்கில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை, ஒரு நாளைக்கு முந்நூறு தடவை.

பன்னிரண்டாம் நாள் மதியம், வெயில் தார்ச்சாலையில் எண்ணெய் போல அலையடிக்கும் வேளையில், அவள் மைக் பொத்தானை அழுத்தினாள். புத்தலப்பட்டு வழியாகச் சித்தூர் போகும் வண்டி புறப்படத் தயார். தமிழில் சொன்னாள். முதலில் தமிழில் சொன்னதே அவளுக்குப் புதிதாக இருந்தது. தெலுங்குக்கு வாயைத் திறந்தாள். ஒலிபெருக்கியில் அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. எதிரே அட்டையில் எழுதி ஒட்டியிருந்த தெலுங்கு வரி கண்ணுக்குத் தெரிந்தது. வளைவுகள், சுழிகள். படிக்க முடியவில்லை.

நேரக்காப்பாளர் திருமலை கண்ணாடியைத் தட்டினார். "இன்னாமா, தூங்கிக்கினு கீறியா? தெலுகுலோ செப்பம்மா. வண்டி கெளம்புது."

அவர் சொன்னது புரிந்தது. பதில் எந்த மொழியில் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "ஒடம்பு சரியில்லண்ணா" என்று தமிழில் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டுப் படியில் கால் வைக்கும்போதே உள்ளிருந்து குரல் வந்தது. கனமான, கரகரத்த, நைனாவின் குரல். ஆனால் நிதானமாக, நடுவில் சரியான இடத்தில் நிறுத்தி.

"ப்ரயாணீகுலகு விக்ஞப்தி. சித்தூரு வெள்ளே பஸ்ஸு..."

அவளுடைய அறிவிப்பு. ஒரு சொல் பிசகவில்லை.

கதவுக்கு வெளியிலேயே நின்றாள். அன்று காலை ரக்ஷிதா தன் காலைக் காட்டிக் காட்டி அழுதது ஞாபகம் வந்தது. செருப்பு வேண்டும் என்றால் கேட்க வேண்டியதுதானே என்று அதட்டியிருந்தாள். குழந்தை கேட்கவில்லை. காலைக் காட்டி, வாயைத் திறந்து, மறுபடி காலைக் காட்டியது. முந்தின நாள் மாலை அது தாத்தா மடியில் உட்கார்ந்து செருப்பைப் பற்றித்தான் கதை சொல்லிக்கொண்டிருந்தது.

ஹரிதா செல்லை எடுத்தாள். யஸ்வந்தைக் கூப்பிட்டாள்.

"ரக்ஷிதாவ ஸ்கூல்ல இருந்து நேரா புத்தூருக்கு, அத்தை ஊட்டுக்கு இட்டுனு போயிடு. இங்க கூட்டிக்கினு வராதே."

"இன்னா ஹரி, திடீர்னு? சண்டையா?" என்றான் யஸ்வந்த்.

"அப்பறம் சொல்றேன். நாலு மணிக்கு ஸ்கூல் விடும். மறந்துடாதே."

"சரி, சரி. பெர்மிஷன் போட்டுட்டுப் போறேன்."

குழந்தை போய்விடும். அது போதும். உள்ளே போனாள். கூடத்தில் தைல நெடி. மின்விசிறி டக், டக் என்று ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றியது. அம்மா சமையலறை வாசலில் நின்று, வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினாள். ஹரிதா அவளைக் கடந்து நாற்காலிக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நைனா. உனக்குத் தெரிஞ்சுதான் செய்யறியா?"

மாசிலாமணி அவளைப் பார்த்தார். கண்ணில் குற்ற உணர்ச்சி இருந்தது. அதனால்தான் அவளுக்கு உடம்பு சில்லிட்டது.

"தெரியும்மா."

"அம்மா பேச்ச எடுத்துக்கினே."

"வேணும்னு எடுக்கல. அவ குடுத்தா. அந்தப் பத்து வாரம் நான் எங்க கெடந்தேன்னு உனக்குத் தெரியாது. கிணத்துக்குள்ள இருந்து பாக்கற மாதிரி. உங்க மூஞ்சி எல்லாம் மேல தெரியும். கூப்பிட ஒண்ணும் இல்ல." அவர் தொண்டை ஏறி இறங்கியது. "வந்ததும் நிக்க மாட்டேங்குது. வெக்கறதுக்கு எடமில்ல உள்ள. ஒரு வாரம், பத்து நாள், வடிஞ்சி போயிடுது. மறுபடி வேணும்."

"ரக்ஷிதா கிட்டயுமா?"

"கொழந்தைக்கு மறுபடி மொளைக்கும்னு டாக்டரே சொன்னாரு இல்ல."

ஹரிதா கத்தத் தொடங்கினாள். அதன் பிறகு அவள் நிறுத்தவில்லை. அம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுததைச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டில் எல்லார் எதிரிலும் வாயடைத்து நின்றதைச் சொன்னாள்.

"அப்பால?" என்றார் மாசிலாமணி மெல்ல.

சின்ன வயதில் அவர் மேசைக்கடியில் உட்கார்ந்து விளையாடியதை, பள்ளியில் தெலுங்குப் பேச்சுப் போட்டிக்கு அவர் எழுதிக் கொடுத்ததைச் சொல்லி, இத்தனை செய்த மனுஷன் பெற்ற பெண்ணின் வாயில் கை விடலாமா என்று கேட்டாள்.

"அப்பால?"

கல்யாணத்தைப் பற்றி. பிரசவத்தைப் பற்றி. குழந்தை முதலில் பேசிய நாளைப் பற்றி. வியர்வை முதுகில் ஓடியது. மின்விசிறி டக், டக் என்றது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. அதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கோபத்தில் அது என்னவென்று படவில்லை.

"அப்பால?"

"அப்பறம் அந்த... அது... நீ குடுத்த அந்த..."

நிறுத்தினாள். மேலே சுற்றுவதைப் பார்த்தாள். காற்று தருவது. மூன்று இறக்கை. அதற்கு ஒரு பேர் உண்டு. காலையில்கூட இருந்தது.

சமையலறை வாசலில் அம்மா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மகளைப் பார்த்து, மறுபடி மறுபடி, பொத்திக் காட்டினாள்.

எழுந்திரு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். எழுந்தாள். கால் தடுக்கியது. "நைனா, வேணா..." என்றாள். அது கடைசி. அது போனதும் தெரிந்தது, பல் விழுந்த இடம் நாக்குக்குத் தெரிவது போல.

மாசிலாமணி இடது கையால் செல்லை எடுத்தார்.

"மாப்ள, நான்தான். ஹரிதாவுக்குத் திடீர்னு ஒடம்பு முடியல. ஜொரத்துல ஏதேதோ பெனாத்திக்கினு இருந்தா. புத்தூரு கித்தூருன்னு ஏதாச்சும் சொன்னாளா? அதெல்லாம் வேணாம். கொழந்தைய இட்டுனு நேரா ஊட்டுக்கு வந்துடுங்க. பயப்படாதீங்க, நான் இருக்கேன்." நேர்த்தியாக, மனு படிப்பது போலச் சொல்லி முடித்தார். இப்போது அவரிடம் தமிழும் இருந்தது, தெலுங்கும் இருந்தது, எல்லாம் இருந்தது.

ஹரிதா செல்லைப் பிடுங்கினாள். காதில் வைத்தாள். "ஹரி? ஹலோ?" என்றது யஸ்வந்தின் குரல். அவள் தொண்டையிலிருந்து ஏறி இறங்கும் ஒரு சத்தம் போயிற்று. கெஞ்சல் இருந்தது. கோபம் இருந்தது. சொல் இல்லை. "வந்துக்கினே இருக்கேன்மா" என்றான் அவன்.

நாலேகாலுக்கு வந்தான். குழந்தை தோளில் தூக்கக் கலக்கத்தோடு இருந்தது. ஹரிதா பாய்ந்து குழந்தையைப் பறித்தாள். இறுக்கினாள். வாசலைக் காட்டினாள். போ. போகலாம். வாயிலிருந்து ஊளை போல வந்தது. குழந்தை வீறிட்டு அழுதது.

"ஹரி, விடு. கொழந்தைக்கு வலிக்குது. ஹரி."

"அவங்கம்மாவுக்கு வந்ததுதான் இவளுக்கும் வந்துடுச்சு மாப்ள" என்றார் மாசிலாமணி நிதானமாக. "கொழந்தைய பயமுறுத்திடுவா. கொஞ்ச நேரம் உள்ள வெச்சுக் கதவ சாத்துங்க. ஆட்டோ புடிச்சிக்கினு வாங்க, டாக்டர்கிட்ட போயிடலாம். கொழந்தைய நான் பாத்துக்கறேன்."

யஸ்வந்த் அழுதுகொண்டேதான் செய்தான். விரல் விரலாகப் பிரித்தான். முன்னே வந்த வரலட்சுமியையும் சேர்த்து அறைக்குள் தள்ளினான். வெளித்தாழ்ப்பாள் விழுந்தது. படியில் அவன் செருப்புச் சத்தம் ஓடி மறைந்தது.

அறைக்கும் கூடத்துக்கும் நடுவே கம்பி ஜன்னல். இரண்டு பெண்களும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது. தாத்தா மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவர் அதன் கையை எடுத்து, ஆள்காட்டி விரலை வாசல் பக்கம் நீட்டிவிட்டார்.

"அது இன்னா கண்ணு?"

"காக்கா."

"காக்கா" என்றார் அவர். "அது?"

"கதவு."

"கதவு. அது?"

ஹரிதா கத்தினாள். அது மெட்டாகத்தான் வந்தது. தாலாட்டு என்று நினைத்து ரக்ஷிதா ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள். ரொம்ப உற்சாகமாக, தானே விரலை நீட்டி, கம்பிக்குப் பின்னால் நிற்பவளைக் காட்டினாள்.

"அம்மா."

"அம்மா" என்றார் மாசிலாமணி.

விரல் அவளை நோக்கி நீண்டபடியே நின்றது. குழந்தை மறுபடி சொல்ல வாயைத் திறந்தது. திறந்த வாயோடு அவளைப் பார்த்தது.